தேங்காய்த்திட்டு துறைமுகம்: ஒரு படகு கடலுக்குப் போனால் கரையில் எத்தனை பேருக்கு வேலை?

ஸ்டார்ட்அப்னு சொன்னதும் லேப்டாப், ஏசி அறை, முதலீட்டாளர் இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இது எதுவும் தேவையில்லை. ஆனால், அங்கே தினமும் நடப்பதும் சுயதொழில்தான்.

ஒரு படகு, எத்தனை தொழில்?

விசைப்படகு கிளம்ப டீசல், ஐஸ், இன்ஜின் மெக்கானிக், வலையைச் சரிசெய்ய ஆள் எல்லாம் வேண்டும். கரை திரும்பினால் ஏலம் விடுபவர், மீன் வாங்கி விற்கும் பெண்கள், கூடை தூக்குபவர், லோடு ஆட்டோ ஓட்டுநர், டீக்கடைக்காரர் என வரிசை நீளும். மிஞ்சும் மீன் கருவாடாகும். அது தனி வியாபாரம். இவர்களில் பலருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே.

இது ஏன் முக்கியம்?

உலக வங்கி கணக்குப்படி, உலகில் உள்ள நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள். வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் அவற்றிடம்தான் இருக்கிறது.

புதுச்சேரிக்கு இது அனுபவப் பாடமும்கூட. 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில், அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் ரோடியர் மில், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2020-ல் மூடப்பட்டது. பெரிய ஆலை மூடினால் செய்தியாகும். ஒரு ஐஸ் கடை மூடினால் யாருக்கும் தெரியாது.

கடன் கிடைக்குமா?

* முத்ரா: 2015-ல் தொடங்கிய திட்டம். முந்தைய கடனை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை என 2024-ல் உயர்த்தப்பட்டது.
* பி.எம். விஸ்வகர்மா: 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கியது. இதில் உள்ள 18 தொழில்களில் படகு கட்டுவதும், மீன்வலை பின்னுவதும் உண்டு. 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், அடுத்து 2 லட்சம் ரூபாய்.
* பி.எம். ஸ்வநிதி: தெருவோர வியாபாரிகளுக்கு. முதல் கடன் 15,000 ரூபாய் வரை.

ஆனால், விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்க அன்றைக்கே கையில் பணம் வேணும். பேப்பர் சரியாக இல்லாதவர்கள் தண்டல்காரரிடம்தான் போவார்கள். வட்டி எவ்வளவுன்னு சொல்லவே வேண்டாம்!

சிக்கல் எங்கே?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். இது முன்கூட்டியே தெரியும். கொஞ்சம் சேர்த்து வைத்துச் சமாளிக்கலாம். அப்போதும் நிவாரணம் மீனவக் குடும்பங்களுக்குத்தான். வெளியிலிருந்து வந்து லோடு ஆட்டோ ஓட்டுபவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

தேதி சொல்லாமல் வருவது மணல். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைப்பதும், படகுகள் தரைதட்டுவதும், தூர்வாரச் சொல்லி மீனவர்கள் போராடுவதும் பல வருஷக் கதை. படகு நின்றால் ஐஸ் விற்காது, ஏலம் இல்லை, ஆட்டோவுக்கு லோடு இல்லை. கடன் தவணை மட்டும் நிற்காது.

அப்போ என்ன செய்யணும்?

கடன் கொடுத்தால் கடை திறக்கலாம். அந்தக் கடை நடக்க படகு ஓடணும். அதனால் முகத்துவாரத்தைத் தூர்வாரும் செலவையும் அரசு வேலைவாய்ப்புக்கான செலவாகப் பார்க்க வேண்டும். மணல் அடைத்த பிறகு அவசரமாகத் தோண்டுவதைவிட, வருஷா வருஷம் செய்தால் கரையில் இருப்பவர்களும் நம்பித் தொழில் நடத்தலாம்.

நீங்களும் சிறுதொழில் செய்பவரா? உத்யம் பதிவு இலவசம். ஜி.எஸ்.டி. இல்லாத குறுந்தொழில் செய்பவர்களுக்கு உத்யம் அசிஸ்ட் இருக்கிறது. முதலில் அதை முடிச்சிடுங்க. கடன் கேட்டுப் போகும்போது கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.