நகம், முடி, நன்னடத்தை: ஒரு சுற்றறிக்கைக்கு மறுப்பு

தோழர்களே, ஒரு தலைமையாசிரியர் பெற்றோருக்கு எழுதிய சுற்றறிக்கையை இங்கே வாசிப்புக்கு எடுத்துக்கொள்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை. என் அக்கா மகன் அங்கே ஒன்பதாவது படிக்கிறான். ஒன்றரைப் பக்கம், கணினியில் அடித்து நகலெடுத்தது. 'உடல்நலம்', 'ஒழுக்கம்', 'எதிர்காலம்' என்று மூன்று தலைப்பு. கீழே 'படித்துப் பார்த்தேன்' என்று பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு புள்ளிக்கோடு. 'சாதி' என்கிற சொல் ஒன்றரைப் பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. இல்லாததாலேயே அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் 'பெற்றோர்' என்பவர் யார்? சுற்றறிக்கை 'அன்புடையீர்' என்று எல்லாரையும் ஒரே மாதிரி விளிக்கிறது. பள்ளி வாசலில் அப்படி இல்லை. ஊரிலிருந்து வருகிறவருக்கு 'வாங்க, உக்காருங்க'. காலனியிலிருந்து வருகிற என் அக்காவுக்கு 'என்னம்மா, எங்க வந்த?' அக்காவைவிட அந்த ஆசிரியர் பத்து வயது சின்னவர். தாளில் 'ஈர்', வாயில் 'நீ'. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்முடைய பள்ளிக்கூடம் நடக்கிறது.

உடல்நலத்துக்கு வருவோம். நகம் வெட்டி அனுப்பவும். தலைக்கு எண்ணெய் வைத்து, பேன் பார்த்து அனுப்பவும். துவைத்த சீருடை. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை: தடுக்காமல் சாப்பிடச் சொல்லவும். 'சில பகுதிகளிலிருந்து வரும் மாணவர்கள் சுகாதாரக் குறைவுடன் வருவது வருத்தம் அளிக்கிறது.' அந்தச் 'சில பகுதிகள்' எவை என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாத்திரை நல்லதுதான், நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. இந்தப் பட்டியல் முழுக்க மாணவனின் உடம்பு மேலேயே நிற்கிறது, அதைத்தான் கேட்கிறேன். அவன் நகம், அவன் தலை, அவன் சட்டை. பள்ளியின் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. கக்கூஸில் தண்ணீர் வருகிறதா? யார் கழுவுகிறார்கள்? குடிநீர்த் தொட்டி கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது? மாதவிலக்கு நாளில் ஒரு பெண்பிள்ளை எங்கே போவாள்? இவையெல்லாம் உடல்நலம் இல்லையா, ஐயா?

2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் என்ன நடந்தது? ஒரு பையனுக்கு டெங்கு. எப்படி வந்தது என்று அம்மா விசாரித்தபோதுதான் பிள்ளை சொல்கிறான், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கக்கூஸ் கழுவச் சொல்கிறார்கள், அங்கே கொசு கடிக்கிறது என்று. தலித் பிள்ளைகளை மட்டுமே இந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்று புகார் போனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து தலைமையாசிரியையைக் கைது செய்தார்கள். காய்ச்சல் வந்திராவிட்டால் அந்தச் சேதி வெளியே வந்திருக்குமா? நம் பிள்ளைகளின் உடம்பு நோய்ப்பட்டால்தான் பள்ளியின் நோய் தெரியவருகிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தாரா பள்ளியில் சின்னப் பையன் பீமாராவ் தானாகக் குழாயைத் தொட முடியாது, பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வராவிட்டால் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான் என்பதை அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். உட்காரச் சாக்கைக்கூட வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அது ஒரு நூற்றாண்டுக்கும் முந்தைய கதை, மகாராஷ்டிரக் கதை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் ஒரு சின்னஞ்சிறு தலித் பெண் பானைத் தண்ணீரைத் தொட்டதற்கு ஆசிரியரிடம் அடிவாங்கி ஒரு கண்ணை இழந்தாள். பேன் பார்க்கச் சொல்கிற கல்வித்துறைக்கு அந்தக் கண் எந்தத் தலைப்பின்கீழ் வரும்?

சோற்றுக்கும் இதே கதைதான். 1956இல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் வந்தது. அந்தச் சோற்றால் பள்ளிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன், ஆகவே அதைக் கேலி பேச மாட்டேன். ஆனால் 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு அருந்ததியப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? அந்தப் பெண்ணை இடம் மாற்றியது. இயக்கங்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, மறித்தவர்கள்மேல் வழக்கும் வந்தது. தட்டில் இருப்பது சத்துணவா இல்லையா என்பதைச் சமைத்தவளின் சாதி தீர்மானிக்கிற ஊரில் உடல்நலம் என்ற தலைப்பில் நகத்தைப் பற்றி மட்டும் எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அடுத்தது ஒழுக்கம். சுற்றறிக்கையில் நீளமான பகுதி இதுதான். 'புள்ளிங்கோ' முடிவெட்டுடன் வரக்கூடாது. கால்சட்டை இறுக்கமாக இருக்கக்கூடாது. கையில் கயிறு, காதில் கடுக்கன் கூடாது. பைக்கில் வரக்கூடாது. மீறினால் 'மாற்றுச் சான்றிதழில் நடத்தை குறித்து உரிய முறையில் பதிவு செய்யப்படும்'.

முடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் அப்பாவுக்கு ஊர்ச் சலூனில் முடிவெட்ட மாட்டார்கள். வாரம் ஒருநாள் டவுனுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காத கடையைத் தேடிப்போய் வெட்டிக்கொண்டு வருவார். இன்றும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் சலூன் நாற்காலியில் உட்கார நம் பையன் கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாற்காலி மறுக்கப்பட்ட தலை அது. அந்தத் தலையில் அவன் தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தால் ஒழுக்கம் கெட்டுப்போகிறது. அப்பனுக்கு முடிவெட்டக்கூடாது, மகன் முடிவெட்டியது சரியில்லை. செருப்பு, மேல்துண்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கிய வேட்டி: நம் உடம்பில் எது இருக்கலாம் எது கூடாது என்று ஊர் போட்ட சட்டங்களின் பட்டியலில் இன்னும் ஒரு வரி, அவ்வளவுதான். (ஊர்க்காரப் பையனும் அதே முடிதான் வெட்டியிருக்கிறான். அவன் அப்பாவுக்குப் போன் போகிறது. என் அக்கா மகனைப் பிரேயரில் நிறுத்துகிறார்கள்.)

'நன்னடத்தை' என்ற சொல்லை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். போலீஸ் ஸ்டேஷனில். நன்னடத்தைப் பிணை என்று வழக்கமான குற்றவாளிகளிடம் எழுதி வாங்குவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 129. சொல் ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பதினாலு வயதுப் பையனிடம் 'இனி ஒழுங்காக இருப்பேன்' என்று எழுதி வாங்கிக் கோப்பில் வைக்கிற தலைமையாசிரியருக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் இடையே எனக்குத் தூரம் தெரியவில்லை.

இப்போது கயிறு. கயிற்றைத் தடை செய்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் 'எந்தக் கயிறும் கூடாது' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால் போதுமா? தென்மாவட்டப் பள்ளிகளில் எந்த நிறம் எந்தச் சாதி என்பது ஆறாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும், வாத்தியார்களுக்குத் தெரியாதா? 2019இல் பள்ளிக் கல்வித் துறையே சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். நாலு வருஷம் போனது. 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நாங்குநேரி.

அந்த மாணவன் வள்ளியூரில் பன்னிரண்டாவது படித்தவன். சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. நடந்ததைச் சொன்னார்கள், புகாராகவும் கொடுத்தார்கள். அன்று ராத்திரியே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. இதில் ஒழுக்கம் தவறியவன் யார் என்று வருகைப் பதிவேட்டைக் கேட்டால் என்ன சொல்லும்? விடுப்பு எடுத்தவன் பெயரைச் சொல்லும். வெட்டியவர்கள் தவறாமல் வகுப்புக்கு வந்தவர்களாக இருந்திருக்கலாம். நம் தலைமையாசிரியரின் 'ஒழுக்கம்' அளக்கத் தெரிந்தது அவ்வளவுதான்: வருகை, முடி, கால்சட்டை. அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து படித்து 2024இல் 600க்கு 469 வாங்கித் தேறினான்.

அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் இரகசியமாகக் கையாள வேண்டும். பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு கூடாது. ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி ஆதிக்கத்தில் இருக்கிறதோ அந்தச் சாதிக்காரரை அங்கேயே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக்கூடாது. இதில் கயிற்றையும் பொட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு டி.வி.யில் கூச்சல் போட்டார்கள். கடைசிப் பரிந்துரையைப் பற்றி மூச்சு விடவில்லை. வலி அங்கேதானே இருக்கிறது! ஒழுக்கம் பற்றிச் சுற்றறிக்கை எழுதுகிற நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அது கேட்கிறது. சுற்றறிக்கைகள் மாணவனை விசாரிக்கும். நாற்காலியை விசாரிக்காது.

எதிர்காலம் நாலே வரி. 'பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சியைக் கருத்தில் கொண்டு, மெல்ல மலரும் மாணவர்களின் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு உகந்த தொழிற்பயிற்சி வழிகளை இப்போதே பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.' மெல்ல மலரும்! மக்கு என்று சொன்னால் சண்டைக்கு வருவோம் என்று பூ வைத்துச் சொல்கிறார்கள். அர்த்தம் என்ன? ஒன்பதாவதோடு டி.சி. வாங்கிக்கொண்டு போ, பத்தாவது ரிசல்ட்டைக் கெடுக்காதே. ஐ.டி.ஐ. கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. முடித்துக் கௌரவமாக வாழ்கிற தோழர்கள் நமக்கு உண்டு. யாருடைய பிள்ளை மெல்ல மலர்கிறது என்று முடிவு செய்கிறவர் யார், அதுதான் கேள்வி. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். அடுத்த வருஷமே அந்தத் திட்டம் ஒழிந்தது. சட்டப்படி ஒழிந்தது. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பெயரில் பின்கதவு வழியாக வருவதற்கு யார் சட்டம் வேண்டும்?

அந்தப் பகுதியில் சொல்லாமல் விட்டதைத்தான் நான் குற்றமாகச் சொல்வேன். எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்குச் சுயநிதிக் கல்லூரிகளிலும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் வரை தகுதி. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு 2022 முதலும், பையனுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டம். ஒரு வரி எழுதியிருக்கலாமே! அக்கா மாதிரி எத்தனை அம்மாக்கள் காசில்லை என்பதற்காகவே தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

நான் வங்கியில் கிளார்க். இந்தப் பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது என்று தினமும் கவுண்டரில் பார்க்கிறேன். ஆதார் இன்னொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும், பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு வருஷம் போட்டு எடுக்காத கணக்கு முடங்கும். உதவித்தொகைக்காகத் திறந்த பூஜ்ய இருப்புக் கணக்குகளை அப்படி முடக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள், தோழர்களே. கவுண்டரில் இருக்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். விடாமல் கேளுங்கள்.

சரி, என்ன செய்வது? கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பலாம் என்றார் ஒரு தோழர். நான் அப்படி நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, தாளின் பின்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறதே, அதில் நாம் எழுதுவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சார இடம். எங்கள் ஊரில் அந்தக் குழுவில் காலனிப் பெண்கள் இரண்டு பேர் பெயருக்கு இருக்கிறார்கள், தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போடுவார்கள். இந்த முறை நோட்டு வீட்டுக்கு வந்தால் வாங்க வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கூட்டத்துக்கே போவது.

அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியது இது. ஒன்று, கக்கூஸ் கழுவ யாருக்குச் சம்பளம், அவர் பெயர் என்ன. இரண்டு, தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதியைச் சுவரில் எழுதுங்கள். மூன்று, சாதி சொல்லித் திட்டினால் எங்கள் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்ன பிறகு அவன் வீட்டுக்கு யார் காவல். நான்கு, 'எஸ்.சி. பசங்க எழுந்திரு' என்று வகுப்பில் சொல்வதை நிறுத்துங்கள், உதவித்தொகைப் படிவத்தை அம்மா கையில் கொடுங்கள். ஐந்து, போன மூன்று வருஷத்தில் ஒன்பதாவதோடு டி.சி. வாங்கியவர்கள் எத்தனை பேர், அதில் காலனிப் பிள்ளைகள் எத்தனை. ஆறாவதாக அக்கா ஒன்று சேர்க்கச் சொன்னாள்: 'எங்கள வா போன்னு கூப்பிடக்கூடாதுன்னு போடு.' போட்டிருக்கிறேன்.

விடுதிகளில் இருக்கிற தோழர்கள் உங்கள் பள்ளி, கல்லூரிச் சுற்றறிக்கைகளை இதழுக்கு அனுப்புங்கள். பின்பக்கத்தில் உங்கள் அம்மா என்ன எழுதச் சொல்கிறார் என்று கேட்டு அதையும் எழுதி அனுப்புங்கள்.