கிருமியைத் தின்னும் கிருமிக்கு நாமகரணம்

கோப்பிக் காலத்திலே, தமிழகத்திலிருந்து புறப்பட்டு மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காடுகளினூடே கால்நடையாக மாத்தளையை நோக்கி வந்த நம் முன்னோரில் எண்ணற்றோரைக் கொலரா நடுவழியிலேயே சாய்த்துவிட்டது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆளைக் கொன்ற கிருமிக்கோ விஞ்ஞானத்தில் ஸ்திரமான ஒரு நாமமுண்டு. அந்தக் கிருமியையும் கொல்லும் வைரஸ்களுக்குப் பெயரிடுவதில்தான் அறிஞர் ஒரு நூற்றாண்டாகத் தடுமாறினர்.

1896இல் ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்னும் ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் இட்ட கொலராக் கிருமிகள் சில மணி நேரத்தில் மடிவதையும், அந்நீரைக் காய்ச்சினால் அச்சக்தி அகன்றுவிடுவதையும் எழுதிவைத்தார். காரணத்தை அவர் கண்டாரில்லை, ஆகவே பெயரும் இடவில்லை. 1917இல் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் டெரெல் என்பவர், பக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களுக்கு, பக்டீரியாவைத் தின்பது என்று பொருள்படும் ‘பக்டீரியோபேஜ்’ என்ற பெயரைச் சூட்டி, பத்தாண்டுகளுக்குப் பின் பஞ்சாபிலே கொலரா நோயாளிகளுக்கு அதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். உலகிலுள்ள பேஜ் அனைத்தும் ஒரே ஜாதி என்பது அவர் கொள்கை. அத்வைதம்போலக் கேட்க இனிமையாயிருந்தாலும் அது பிழை.

இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின், தலையும் வாலுமாகத் தோன்றிய பேஜ்களை வாலைக் கொண்டே வகுத்தனர்: சுருங்கும் வாலுடையன மயோவிரிடே, நீண்டு வளையும் வாலுடையன சைபோவிரிடே, குறுவாலுடையன போடோவிரிடே. பார்வைக்கு ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் மாத்தளையின் வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் போனவர் அறிவர்: மிளகும் வனிலாவும் ஒரே மாதிரி மரம்பற்றி ஏறுகின்றன, எனினும் வனிலா ஓர் ஓர்க்கிட், மிளகுக்கு உண்மைச் சொந்தம் வெற்றிலை. மரபணுத் தொடரை எழுத்தெழுத்தாக வாசிக்க முடிந்தபோது, ஒரே வகை வாலுடைய பேஜ்கள் பல ஒன்றுக்கொன்று அந்நியமாயிருத்தல் வெளிப்பட, வைரஸ் வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழு 2022இல் அம்மூன்று குடும்பங்களையும் அடியோடு நீக்கியது. பாடநூலை மனனம் செய்த மாணவருக்கு இது எரிச்சலூட்டலாம். எனக்கோ, தன் பிழையைத் தானே அழிக்கத் துணிந்த சாஸ்திரத்தின்மேல் மரியாதையே கூடுகிறது.

ஆயினும் புதுநாமங்கள் பற்றி எனக்கொரு குறையுண்டு. செடிகொடிகளுக்கு உள்ளதுபோல் இருசொற் பெயர் வேண்டுமென்று விதித்தது நன்றே. டெரெலின் நினைவாக ஹெரெல்விரிடே என ஒரு குடும்பம் அமைந்ததும் தகும். ஆனால், ஒரு பேஜின் ஆய்வுகூடக் குறியீடான டி4 ‘டெகுவாட்ரோவைரஸ்’ என நீண்டு நிற்பதில் ஊரும் இல்லை, நீரும் இல்லை. பதிவேட்டில் துரைமார் எழுதிய பெயர் ஒன்றிருக்க, லயத்துச் சனங்கள் அதே தோட்டத்தை வேறொரு பெயரால் அழைத்துவந்ததை அறிந்த நமக்கு, பெயர் என்பது யார் கண்டார், எங்கே கண்டார் என்பதன் சாட்சியுமாகும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கதேசத்துக் கொலரா நோயாளிகளிடம் கண்டெடுத்த பேஜுக்கு, டாக்காவின் வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி நிலையத்தை நினைவூட்டும் வண்ணம் ஐசிபி1 என்று பெயரிட்டார்களே, அது அழகு.

ஒரு பேஜைப் பிரித்தெடுப்பவருக்கே அதற்கு முதற்பெயர் சூட்டும் உரிமை. பேரினப் பெயர்கள் பலவும் அதிலிருந்தே பிறக்கின்றன. பேராதனையில் நுண்ணுயிரியல் பயிலும் பிள்ளைகளே, மாத்தளையில் ஓடும் சுது கங்கையின் நீரை ஒரு போத்தலில் அள்ளிச்சென்று தேடுங்கள். கிடைப்பதற்கு இந்த மண்ணின் பெயரை வையுங்கள்.