வாயேஜர் உளறியது ஏன்?

ஒருவர் பேசுகிறார், குரல் நன்றாகக் கேட்கிறது, ஆனால் ஒரு சொல்கூடப் புரியவில்லை. எப்படி இருக்கும்? 2023 நவம்பரில் 'வாயேஜர் 1' விண்கலம் இப்படித்தான் உளற ஆரம்பித்தது, குழந்தைகளே!

1977 செப்டம்பர் 5ம் தேதி அமெரிக்காவின் 'நாசா' ஏவிய கலம் இது. வியாழன், சனி கோள்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, சூரியக் காற்று எட்டும் எல்லையையும் 2012ல் தாண்டிவிட்டது. மனிதன் செய்த எந்தப் பொருளும் இவ்வளவு தொலைவு போனதில்லை. கோளாறு வந்தபோது அது இருந்த தூரம், சுமார் 2,400 கோடி கிலோமீட்டர்!

அங்கிருந்து செய்தி ரேடியோ அலையாக வருகிறது. அனுப்பும் கருவியின் சக்தி 23 வாட்தான். பழைய 40 வாட் டியூப் லைட்டுக்குக்கூட அது போதாது. பூமியை எட்டும்போது அந்த அலை மிக மிக மெலிந்து போயிருக்கும். அதைப் பிடிக்க அமெரிக்காவில் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில் மாட்ரிட், ஆஸ்திரேலியாவில் கான்பரா என 3 இடங்களில் ராட்சத ஆன்டெனாக்கள் இருக்கின்றன. பெரியவற்றின் அகலம் 70 மீட்டர். எதற்கு 3 இடம்? பூமி சுழல்கிறதே! ஓரிடம் மறுபக்கம் திரும்பினால், இன்னோரிடம் காது கொடுக்க வேண்டும்.

வேகமோ நொடிக்கு 160 பிட். பிட் என்பது 0 அல்லது 1. அப்பா செல்போனில் எடுத்த 2 எம்.பி. படம் ஒன்றை இந்த வேகத்தில் அனுப்பினால், ஒரு நாளுக்கு மேல் ஆகும்!

சரி, உளறலுக்கு வருவோம். கருவிகள் அளந்ததைத் தொகுத்து அனுப்பும் கம்ப்யூட்டரிடமிருந்து, ஒரே மாதிரியான 0, 1 கோலம்தான் திரும்பத் திரும்ப வந்தது. மெக்கானிக்கை அனுப்ப முடியுமா? ஒரு கேள்வி கேட்டால், பதில் வர 45 மணி நேரம்! விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காகிதங்களைப் புரட்டினார்கள். (பழைய நோட்டை எடைக்குப் போடாதே என்று நாங்கள் சொல்வது சும்மாவா?) 2024 மார்ச்சில் கம்ப்யூட்டரின் நினைவகம் முழுவதையும் வரவழைத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டார்கள். நினைவகத்தில் 3 சதவீதம் கெட்டிருந்தது. காரணம், ஒரே ஒரு சிப்!

அங்கிருந்த கட்டளைகளை இடம் மாற்ற வேண்டும். மொத்தமாக வைக்க ஓரிடமும் போதவில்லை. கல்யாண வீட்டில் என்ன செய்வோம்? மாடியில் நாலு பேர், திண்ணையில் நாலு பேர் என்று படுக்க வைப்போம் அல்லவா? அதேபோலப் பிரித்து வைத்தார்கள். ஆனால் யார் எங்கே படுத்திருக்கிறார் என்று எழுப்புகிறவருக்குத் தெரிய வேண்டுமே! ஆகவே, புது முகவரிகளையும் கம்ப்யூட்டருக்குச் சொன்னார்கள்.

ஏப்ரல் 18ல் உத்தரவு கிளம்பியது. 20ம் தேதி, புரிகிற பதில் வந்தது. ஜூனில் அப்போது இயங்கிய 4 ஆய்வுக் கருவிகளும் பழையபடி தகவல் அனுப்பின.

இந்தக் கிழட்டுக் கலத்துக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. சூரியனின் எல்லைக்கு வெளியே நின்று அளந்து சொல்பவை வாயேஜர் 1, 2 மட்டும்தான். புதிதாக ஒன்றை அனுப்பினால், அங்கே போய்ச் சேரவே பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் இந்தப் பாடு தகும் என்பேன்.

ஆனால் மின்சாரம் ஆண்டுக்குச் சுமார் 4 வாட் வீதம் குறைகிறது. கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டிய நிலை. 2025 பிப்ரவரியில் காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவியை நிறுத்தினார்கள். அந்த உத்தரவும் சுமார் 23 மணி நேரம் பயணம் செய்துதான் போய்ச் சேர்ந்தது.