கோழியின் உள்ளங்காலும் கூண்டின் தரையும்

வீட்டுக் கோழி நொண்ட ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்து குழம்பு வைத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, பிளேடால் அதன் உள்ளங்காலைக் கீறிவிடுகிறார்கள். கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போகிறவர்கள் குறைவு. கோழி விற்கிற விலைக்கு ஆட்டோ கூலி கட்டுப்படியாகுமா என்பது அவர்கள் கணக்கு. அதில் தப்புச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த நொண்டலுக்குப் பின்னால் இருப்பது பல நேரங்களில் பாதப்புண். உள்ளங்காலின் தோல் எங்கோ கிழிகிறது, அல்லது அழுத்தம் தாங்காமல் காய்த்து வெடிக்கிறது. அந்தச் சிறு வழியே கிருமி நுழைகிறது. முதலில் வெறும் சிவப்புதான். பிறகு மிளகளவு கறுப்புப் பொருக்கு ஒன்று தெரியும். கவனிக்காமல் விட்டால் பாதம் முழுக்க வீங்கி, விரல்கள் விரிந்து, கோழி ஒற்றைக்காலில் நிற்கத் தொடங்கும். கிருமி தசைநாணையும் எலும்பையும் தொட்டுவிட்டால் மீட்பது கடினம்.

காரணமாகும் கிருமிகளில் முதலிடம் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு. மனிதர்களின் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் அதே இனம்தான். உலகின் பல நாடுகளில் இறைச்சிக் கோழிகளிடமிருந்து எடுத்த இந்தக் கிருமியை எடின்பரோ ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவை ஒரே வம்சம். அதன் மூதாதை, ஆய்வுக்குச் சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்பு மனிதரிடமிருந்து கோழிக்குத் தாவியது. கோழியிடமிருந்து நமக்கு என்ன தொற்றுமோ என்று அஞ்சுகிறோம். இந்த விஷயத்தில் கொடுத்தவர்கள் நாம்.

பிளேடுக்கு வருவோம். நமக்குக் கட்டி வந்தால் சீழ் நீராகக் கட்டும், உடைத்தால் வடியும். கோழிக்கு அப்படியில்லை. சீழை நீராக்க உதவும் ஒரு நொதி அதன் வெள்ளணுக்களில் கிடையாது. அதனால் சீழ் பாலாடைக்கட்டி மாதிரி இறுகி, உள்ளேயே உறைந்துவிடுகிறது. அமுக்கினால் வெளியே வராது, இன்னும் ஆழத்துக்குப் போகும். காணொளிகளில் வெற்றிகரமாகப் பிடுங்கிக் காட்டப்படும் அந்த மஞ்சள் கட்டி இதுதான். அதைச் சுற்றி நரம்பும் தசைநாணும் ரத்தக்குழாயும் நெருக்கமாக ஓடுகின்றன. மயக்கமருந்தில்லாமல், கிருமி நீக்காத பிளேடால் தோண்டுவது வைத்தியம் ஆகாது. அந்த இறுகிய கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால், வாயில் போடும் மாத்திரையும் அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மருந்துக்கடையில் வாங்கிய மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கலந்து வைக்கும் பழக்கம் கோழியைக் குணப்படுத்துவதைவிட, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதற்கே அதிகம் உதவும். போதாக்குறைக்கு மருந்தின் மிச்சம் முட்டையிலும் வரும். கோழிப் பண்ணைகளில் தாராளமாகப் புழங்கிய கொலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என 2019-ல் இந்திய அரசு தடை செய்தது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சத்தால்தான்.

வலிக்குமா என்று கேட்பவர்களுக்கு பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனை பதில் சொல்கிறது. நொண்டும் இறைச்சிக் கோழிகளுக்கு வெவ்வேறு நிறத்தில் இரண்டு தீவனம் வைத்தார்கள். ஒன்றில் வலி நிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் அதைத் தேடி அதிகம் தின்றன. நொண்டல் கூடக்கூடத் தின்ற அளவும் கூடியது.

ஆரம்ப நிலைப் புண்ணுக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்துக் காலைப் பத்து நிமிடம் ஊறவைக்கலாம். துடைத்து உலர்த்தி, போவிடோன் அயோடின் தடவி, மெத்தென்ற துணி வைத்துக் கட்டி, தினமும் மாற்றலாம். கோழியைக் காய்ந்த உமி பரப்பிய இடத்தில் தனியாக விட வேண்டும். வீக்கம் இறுகியிருந்தாலோ, சில நாளில் வாடவில்லை என்றாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும். மைக்கோபிளாஸ்மா தொற்றிலும் பாதம் வீங்கும், யூரிக் அமிலம் மூட்டில் படிந்தாலும் வீங்கும். காலில் செதில் தூக்கிக்கொண்டு நின்றால் அது உண்ணிச் சிரங்கு, கதையே வேறு.

இத்தனையும் செய்து புண் ஆறினாலும், கோழி திரும்பிப் போவது அதே தரைக்குத்தான். இந்த நோயைப் பற்றிய பேச்சில் விடுபட்டுப்போவது இதுவே. மொட்டைமாடியின் சொரசொரப்பான சிமென்ட், கூண்டின் அடியில் கம்பிவலை, தோட்டத்தில் உதிர்ந்த சீமைக்கருவேல முள், ஐப்பசி மழையில் ஊறி எச்சத்தோடு குழைந்துபோன தரை: பாதம் முதலில் பழுதாவது இங்கேதான். ஈரமான எச்சத்தின் அம்மோனியா தோலை அரித்து மெல்லியதாக்கும். கனத்த பெருவிடைச் சேவலும் கொழுத்த கோழியும் உயரமான கட்டையிலிருந்து தினமும் தரையில் குதிப்பதும் பாதத்தைப் புண்ணாக்கப் போதும். குருணையை மட்டுமே தின்று கீரையே காணாத கோழிக்கு வைட்டமின் ஏ குறையும். தோல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள அது வேண்டும். கொல்லையில் முருங்கை நிற்கிற வீட்டில்கூட இதை யாரும் யோசிப்பதில்லை.

ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் இறைச்சிக் கூடத்துக்கு வரும் கோழிகளின் பாதங்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். புண் அதிகமாக இருந்தால், அந்தப் பண்ணைக்காரர் அடுத்த முறை நெருக்கத்தைக் குறைத்துத்தான் கோழி விட முடியும். அங்கே பாதம்தான் தரைக்குச் சாட்சி.

இங்கே நிலைமை வேறு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கோழியினங்கள் சுமார் 12 கோடி, நாட்டிலேயே அதிகம். நாடு முழுவதும் புழக்கடைக் கோழிகள் முந்தைய கணக்கெடுப்பைவிட ஏறத்தாழ 46 விழுக்காடு பெருகியிருந்தன. நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கிராமப் பெண்களுக்கு இலவசமாகவும் மானியத்திலும் கொடுக்கும் திட்டங்களும் வந்தன. குஞ்சு கொடுத்தாகிவிட்டது. அது எந்தத் தரையில் நிற்கும், கால் வீங்கினால் யாரிடம் காட்டுவது என்பதற்குத்தான் பதில் மெலிதாக இருக்கிறது. கால்நடை மருந்தகம் என்றாலே மாடும் ஆடும்தான் என்று ஊர் நினைக்கிறது. கோழியோடு போனால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

இதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ தேவையில்லை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் பிப்ரவரியில் ஊர் ஊராக நடக்கிறது. இறக்கையில் ஊசி போடுவதற்காகக் கோழியைக் கையில் பிடித்திருக்கும் அந்த நேரத்தில், காலைப் புரட்டி ஒரு பார்வை பார்க்கச் சில நொடி போதும். கறுப்புப் பொருக்கு தெரிந்தால் வளர்க்கிறவரிடம் கூண்டின் தரை என்ன, கட்டை எவ்வளவு உயரம் என்று கேட்கலாம். கம்பிவலை மேல் உமியோ கடலைத்தோலோ பரப்பச் சொல்லலாம். மொட்டைமாடியில் கோழி வளர்க்கும் நகரத்துக்காரர்களுக்கும் அந்த முகாமின் வாசல் திறந்திருக்க வேண்டும்.