கன்வெர்ட்டரைப் பெயர்த்தெடுத்தால் வண்டிக்குப் பலம் கூடுமா?

செஞ்சி வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிரிடும் நிலச்சுவான்தார்களில் பலர் இந்நாளில் சொந்தமாகக் காரோ சிறு சரக்கு வண்டியோ வைத்திருக்கின்றனர். அவ்வண்டிகளின் புகைக்குழாயிலுள்ள கன்வெர்ட்டர் என்னும் கருவியைத் திறந்து, உள்ளிருக்கும் பொருளைப் பெயர்த்தெடுத்துவிட்டால் வண்டி அதிகப் பலத்துடன் ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்னும் அபிப்பிராயம் சிலரிடம் இருந்து வருகிறது. இது சரியன்று என்பதும், இவ்வேலையால் சொந்தக்காரருக்கு நஷ்டமும் வேறொருவருக்கு லாபமுமே உண்டாகும் என்பதும் எனது கருத்து. அதற்குரிய காரணங்களைக் கீழே கூறுகின்றேன்.

முதலில் அக்கருவி இன்னதென்று அறிதல் வேண்டும். தேன்கூடு போன்ற நுண்ணிய கண்களையுடைய பீங்கான் கட்டியொன்று எஃகுக் கூட்டினுள் வைக்கப்பட்டிருக்கும். அக்கண்களின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் உலோகங்கள் மெல்லிய பூச்சாக அமைந்திருக்கும். இவை கிரியா ஊக்கிகள். தாம் செலவாகாமலே, புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயுவையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் ஆகியவைகளாக மாற்றுகின்றன. நமது தேசத்தில் 1995ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் இப்பூச்சைக் கெடுக்குமாதலால், ஈயம் கலவாத பெட்ரோலும் அப்போதே அந்நகரங்களில் வழங்கப்பட்டது.

பலம் கூடும் என்னும் எண்ணம் முற்றிலும் ஆதாரமின்றிப் பிறந்ததன்று. அமெரிக்காவில் 1975ஆம் வருஷத்து மாடல் கார்களில் இக்கருவி பரவலாக வந்தபோது, சிலவற்றில் தேன்கூட்டுக்குப் பதிலாகச் சிறு மணிகள் நிரப்பப்பட்டிருந்தன; அவை புகையின் போக்கைத் தடுத்தன. அக்காலத்து எஞ்சின்கள் வேறு காரணங்களாலும் பலம் குன்றியிருந்தன. பழி முழுவதும் கன்வெர்ட்டரின்மேல் விழுந்தது. இக்காலத்துத் தேன்கூடு நல்ல நிலையிலிருக்குமாயின் அது செய்யும் தடை மிகச் சொற்பம். வயலுக்கும் விற்பனைக்கூடத்துக்கும் செல்லும் வண்டியில் அவ்வித்தியாசத்தை ஓட்டுபவர் உணர்தல் அரிது.

"பெயர்த்தபின் என் வண்டி நன்றாக ஓடுகிறதே" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அது மெய்யாகவும் இருக்கலாம். அவ்வண்டியில் தேன்கூடு முன்னமே உருகியோ அடைபட்டோ இருந்திருக்கும்; புகை வெளியேற வழியின்றி எஞ்சின் திணறியிருக்கும். அடைப்பு நீங்கியதும் திரும்பி வந்தது இழந்த பலமேயன்றிப் புதிய பலமன்று. அடைபட்டது ஏன் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஸ்பார்க் பிளக் சரிவரப் பொறி தராவிடில், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரினுள் சென்று எரிந்து கட்டியை உருக்கிவிடும். பிஸ்டன் வளையம் தேய்ந்தால் எஞ்சின் எண்ணெய் புகையுடன் சென்று சாம்பலாய்ப் படியும். கலப்படப் பெட்ரோலும் கேடு செய்யும். பயிர் மஞ்சளித்தால் வேரையும் வடிகாலையும் பார்க்கிறோமேயன்றி, மஞ்சளித்த இலைகளைக் கிள்ளியெறிந்துவிட்டுப் பயிர் தேறிற்று என்று சொல்லுவதில்லை.

பெட்ரோல் மிச்சமாகும் என்பதும் இத்தகையதே. பிளக்கும் வளையமும் பழுதாகவே இருக்க, கன்வெர்ட்டரை மட்டும் காலிசெய்வதால் வீணாகும் எரிபொருள் வீணாகிக்கொண்டே இருக்கும். மேலும், புகையிலுள்ள பிராணவாயுவை அளக்கும் உணர்கருவிகள் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ளன. பின்னுள்ளது, புகை சுத்தமாகவில்லையென்று கண்டு எஞ்சின் விளக்கை எரியச் செய்யும். அவ்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேயிருந்தால், வேறு கோளாறு நேரும்போது அறிய வழியில்லாமற் போகும்.

இனி லாபம் யாருக்கு என்பதைப் பார்ப்போம். பெயர்த்தெடுத்த பொருளைப் பார்த்தால் சாம்பல் நிற மண்போலவே இருக்கும். ஆயினும் அதிலுள்ள ரோடியத்தின் விலை 2021ஆம் ஆண்டில் தங்கத்தின் விலையைப்போல் 10 மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அவ்வாண்டில் குஜராத்தில் வேன்களின் சைலன்சர்களைத் திருடர் கழற்றிச் சென்றதும் இம்மண்ணுக்காகவே. ஆகையால் சொற்பக் கூலிக்கோ இனாமாகவோ இவ்வேலையைச் செய்துதர எவரேனும் முன்வந்தால், எடுத்த மண் எங்கே போகிறது என்று குடியானவர் கேட்டறிய வேண்டும்.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பயிர்த் தொழிலாளராகிய நமக்கு வேறொரு காரணமும் உண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் எரியாத ஆவியும் வெயிலில் கலந்து தரைமட்டத்தில் ஓசோன் வாயுவை உண்டாக்குகின்றன. அது இலைகளைத் தாக்கி மகசூலைக் குறைக்கும். இவ்வாயுவால் 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் கோதுமையில் சுமார் 35 லட்சம் டன்னும் நெல்லரிசியில் சுமார் 21 லட்சம் டன்னும் நஷ்டமாயின என்று 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. ஒரு காரினால் ஒரு வயல் கருகிவிடாது. ஆயினும் ஒவ்வொருவரும் இப்படியே எண்ணினால் விளைவு அனைவருடைய களத்திலும் தெரியும்.

வண்டி திணறினால் செய்யத்தக்கவை வருமாறு. முன்னுள்ள உணர்கருவியைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியை இணைத்து எஞ்சினை நிமிஷத்துக்கு 2,500 சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுக. அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 ராத்தலுக்கு மேற்பட்டால் அடைப்பு இருப்பதாகக் கொள்ளலாம். அடைப்பின் காரணத்தை முதலில் நீக்கி, அதன் பின்னரே புதிய கன்வெர்ட்டர் பொருத்துக. முறை மாறினால் புதியதும் கெடும். ஓடி வந்த வண்டியில் இக்கருவி மிகச் சூடாயிருக்குமாதலால், வைக்கோலின்மீதும் சாலையில் பரப்பிய கதிரின்மீதும் வண்டியை நிறுத்தலாகாது. யூரியாக் கரைசல் தேவைப்படும் டீசல் வண்டிகளில் வயலுக்குரிய யூரியாவைக் கரைத்து ஊற்றுவதும் கூடாது; அது புகையைச் சுத்திகரிக்கும் பாகத்தைக் கெடுத்துவிடும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கிராமக் கூட்டங்களில் இவ்விஷயத்தை எடுத்துக்கூறுதல் நலம். பிளக் மாற்றுவதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். அதைத் தவிர்க்கப் போய்க் கன்வெர்ட்டரையே இழப்பது சிக்கனமாகாது.