முடியை எண்ணாதீர்கள், ஆடிப் பாருங்கள்

புனேயின் கோந்த்வா பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஐ.டி. பையன்களிடம் வீடியோ கேம் பற்றிப் பேச்செடுத்தால் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "கிராஃபிக்ஸ் சுமார்னா கேம் வேஸ்ட். நம்ம ஊர்ல அந்த பட்ஜெட் கிடையாது, அதனால நல்ல கேமும் வராது." தமிழில் சொன்னாலும் மராத்தியில் சொன்னாலும் இது சுத்த அபத்தம்.

அவர்கள் காட்டும் சாட்சி புனேயிலேயே இருக்கிறது. 2020 செப்டம்பரில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' மறுஆக்கத்தின் டிரெய்லர் வந்தது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் புனே, மும்பை ஸ்டூடியோக்களின் வேலை அது. இளவரசனின் முகத்தைப் பார்த்து உலகமே கேலி செய்தது. வெளியீடு தள்ளிப்போனது, 2022-இல் வேலை மொன்ட்ரியாலுக்குக் கைமாறியது. சிரித்தவர்கள் பார்த்தது டிரெய்லரை மட்டும்தான், ஆட்டத்தை அல்ல. 2003-இல் மூல கேமைத் தூக்கி நிறுத்தியது இளவரசனின் மூக்கும் முழியுமா? கால் இடறி விழுந்தால், குறுவாளில் உள்ள மாய மணலைக் கொண்டு நேரத்தைப் பின்னுக்கு ஓட்டும் வித்தை அல்லவா? அது மறுஆக்கத்தில் கைக்கு வாகாக வருமா என்று அன்று கேட்க ஆளில்லை.

கிராஃபிக்ஸின் பின்னால் ஓடினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் பட்டுத் தெரிந்துகொண்டது. 'ஃபைனல் ஃபேன்டசி' என்ற ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும்) கேம் வரிசையால் பேர் வாங்கிய ஸ்கொயர் நிறுவனம், 2001-இல் அதே பெயரில் 'தி ஸ்பிரிட்ஸ் விதின்' என்ற கணினி அனிமேஷன் திரைப்படத்தை எடுத்தது. நாயகியின் தலையில் மட்டும் சுமார் 60,000 முடி. செலவு 13 கோடி டாலருக்கு மேல். படம் படுத்துவிட்டது. பந்தலுக்கே பணத்தைக் கொட்டிவிட்டுப் பந்தியில் சாம்பார் இல்லாமல் நின்ற கல்யாணம் அது.

2003-இல் எனிக்ஸுடன் இணைந்த அதே நிறுவனம் 2018-இல் 'ஆக்டோபாத் டிராவலர்' வெளியிட்டது. பாத்திரங்கள் பழைய காலத்துப் பிக்சல் பொம்மைகள். ஒளியும் நிழலும் மட்டும் புதுசு. ஆளைக் கட்டிப்போடுவது சண்டைதான். எதிரியின் பலவீனம் எதுவென்று தட்டிப் பார்த்து, அவன் கேடயத்தை உடைத்து, சேர்த்துவைத்த பலத்தை எப்போது இறக்குவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். வெளியான ஒரு மாதத்துக்குள் கேம் 10 லட்சம் பிரதிகளைத் தொட்டது.

"அது பணக்காரக் கம்பெனி" என்பார்கள். சரி, புனேக்கே வருவோம். இங்கே நாடிங் ஹெட்ஸ் என்ற சிறு குழு 'ராஜி' என்ற சாகச கேமைச் செய்தது. 2017-இல் கிக்ஸ்டார்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் கேட்ட பணம் சேரவில்லை. நிறுவனர்களில் ஒருவர் தன் வீட்டை விற்றுப் பணம் போட்டார். கேமராவைத் தூரத்தில் நிறுத்தினார்கள்; முகத்தை நுணுக்கிச் செதுக்கும் தேவை குறைந்தது. கதை சொல்லும் இடங்களில் நிழற்பாவைக் கூத்தைக் கொண்டுவந்தார்கள். 2020-இல் வெளியாகி, 'தி கேம் அவார்ட்ஸ்' விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான பரிந்துரைப் பட்டியலில் ஏறியது. விமர்சகர்கள் அதன் அழகைப் புகழ்ந்தார்கள். சண்டை சலிக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதே பலர் சொன்ன குறை. ஆக, காசில்லாத குழுவுக்கும் அழகு கைகூடியது, இடறியது ஆட்டத்தில்தான்.

கிராஃபிக்ஸ் கண்ணை இழுக்கும், விற்கவும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அழகு வேறு, அதற்குக் கொடுத்த விலை வேறு. கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது, எதை விடுவது என்று தெரிந்தவரே கேம் செய்யத் தெரிந்தவர். அடுத்த புனே டிரெய்லருக்குக் கீழே கமென்ட் போடக் கை துறுதுறுக்கிறதா? கேம் வந்ததும் வாங்கி ஆடுங்கள். ஆட்டம் மோசமென்றால் தாராளமாகத் திட்டுங்கள். அந்தத் திட்டு அடுத்த கேமைச் செய்பவருக்கு உதவும்.