டிக்கெட் எடுக்காத ரசிகர்கள்

நவீன நாடகம்தான் தமிழ் மேடையின் எதிர்காலம் என்று ஊரெல்லாம் பேசிய நாம், அதற்கு டிக்கெட் எடுத்தது அபூர்வம். அழைப்பிதழ் வந்தால் போனோம். வராவிட்டால், "நமக்குச் சொல்லவே இல்லையே" என்று குறைபட்டுக்கொண்டோம்.

நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தில் கண்ட வீரியத்தை நவீன மேடைக்குக் கொண்டுவர விரும்பினார். நடிகர்கள் உடலையும் குரலையும் மாதக்கணக்கில் பழக்கினார்கள். அப்படித் தயாரான நாடகங்கள் பல, சில காட்சிகளோடு நின்றுபோயின. அரங்க வாடகை, விளக்கு வாடகை, ஒத்திகைக்கு வருபவர்களின் சாப்பாடு எதற்கும் நம் கைதட்டல் உதவவில்லை. குழு ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியைப் பெற்றபோது மட்டும் அதைக் கேள்வி கேட்க நமக்கு நேரம் இருந்தது. அந்த நிதி தேவைப்படாதபடி பார்த்துக்கொள்ள நாம் நூறு ரூபாய்கூட எடுத்து வைக்கவில்லை.

சபா நாடகங்களைத் துணுக்குத் தோரணம் என்று ஒதுக்கினோம். ஆனால் சபாவில் ஒரு ஒழுங்கு இருந்தது. காட்சிக்கு இவ்வளவு என்று பேசிக் குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், ஏழு மணி நாடகத்துக்கு நேரத்தோடு வந்து உட்காருவார்கள். அந்த விசுவாசத்தில் பாதியாவது நம்மிடம் இருந்திருந்தால் நம் குழுக்கள் இவ்வளவு தவித்திருக்காது.

1999-ல் மேஜிக் லேண்டர்ன் குழு பொன்னியின் செல்வனை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் மேடையேற்றியது. 2014-ல் அது மியூசிக் அகாடமிக்கும் வந்தது. ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள். நாமோ இது பரிசோதனையா, வணிகமா என்று டீக்கடையில் விவாதித்தோம். பட்டினி கிடந்தால் தூய கலை, நாலு காசு பார்த்தால் சமரசம் என்றோம். அப்படிச் சொல்வது நமக்கு வசதியாக இருந்தது. இரண்டு பக்கமும் நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கூத்துப்பட்டறையிலிருந்து வந்த பசுபதியையும் கலைராணியையும் குரு சோமசுந்தரத்தையும் திரையில் பார்த்துப் பூரித்தோம். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதியவர் என்று பெருமையோடு சொன்னோம். அவர்களை வளர்த்த மேடையின் எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடந்ததை மறந்துவிட்டோம். 2018-ல் முத்துசாமி மறைந்தபோது உருகிய நம்மில் பலர், அவர் நாடகம் ஒன்றையாவது காசு கொடுத்துப் பார்த்தவர்கள் அல்ல.

இன்றும் இளைஞர்கள் வேலை முடித்து வந்து, கிடைத்த மொட்டைமாடியில் ஒத்திகை பார்க்கிறார்கள். பெரிய மேடை ஏற வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்கிறது, அதில் தவறே இல்லை. நாம் நாலு நாள் முன்பே டிக்கெட் எடுத்தால், அரங்கத்துக்கு முன்பணம் கட்ட அவர்களுக்குத் தைரியம் வரும். நாடகம் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வோம். பிடித்திருந்தால் அடுத்த காட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போவோம், அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு.